புள்ளி வெட்டுப்படும் இடம்

செய்தித் தளங்களைக் கைப்பேசியில் படிப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தலைப்பில் மெய்யெழுத்துகளின் மேலிருக்கும் புள்ளி பாதியில் நறுக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் அடியோடு காணாமல் போயிருக்கும். 'அவர்கள்' என்பது 'அவரகள' என்று நிற்கும். இகரக் கொக்கியின் வளைவு மேலே தட்டையாகிவிடும். 'பூ', 'சூ' என்பவற்றின் கீழ்ச்சுழி அறுந்திருக்கும். படிப்பவர் பழக்கத்தால் சரியாகவே படித்துக்கொண்டு போய்விடுவார். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த மொழி இது. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்றொரு காரணம் அங்கே இருந்தது. திரைக்கு அந்தக் காரணம் இல்லை.

இங்கே நடப்பது வேறு. தலைப்புகளுக்கு வரியுயரம் என்று ஓர் அளவு கொடுப்பார்கள். எழுத்தின் அளவைப் போல ஒரு மடங்கு, மிஞ்சினால் 1.1 மடங்கு என்று வைத்தால் ஆங்கிலத் தலைப்பு இறுக்கமாக, அழகாக நிற்கும். ஆங்கிலப் பேரெழுத்துக்கு மேலே எதுவும் ஏறுவதில்லை. சிற்றெழுத்துகளில் 'ஜி', 'ஒய்' போன்ற சிலவற்றுக்குத்தான் கீழே வால் உண்டு. தமிழில் எழுத்தின் உடலுக்கு மேலே புள்ளியும் கொக்கியும் ஓர் அடுக்கு, கீழே உகர ஊகாரச் சுழிகள் இன்னோர் அடுக்கு. இந்த இரண்டும் 1.1 மடங்குக்குள் அடங்காமல் வெளியே நீள்கின்றன. நீண்டாலும் கெடுதல் இல்லை. உலாவி அவற்றை வரைந்துதான் காட்டும். ஆனால் அதே தலைப்புக்கு, இரண்டு வரிக்கு மேல் போனால் மறைத்துவிடு என்று இன்னொரு கட்டளையும் இருக்கும். எல்லைக்கு வெளியே வழிவதை வெட்டச் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ ஹிடன்' அது. உலாவி சொன்னபடி செய்கிறது. மூன்றாம் வரியோடு சேர்த்து முதல் வரியின் புள்ளிகளையும் வெட்டிவிடுகிறது.

வரியுயரத்தை 1.5க்கோ 1.6க்கோ ஏற்றி, மேலும் கீழும் கொஞ்சம் உள்ளிடைவெளி விட்டால் தீர்ந்தது. இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய பிழை ஏன் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது? வடிவமைப்பு நடக்கும் நாளில் அந்தப் பெட்டிக்குள் தமிழ் இருப்பதில்லை. 'லோரம் இப்சம்' இருக்கிறது. சிசரோவின் லத்தீன் உரைநடையைக் கலைத்துப்போட்டுச் செய்த நிரப்பு வரிகள் அவை. அச்சுத்தொழிலிலிருந்து கணினிக்கு வந்தவை. தமிழ்ப் பத்திரிகைக்கான பக்கத்தையே லத்தீன் வரிகளால் நிரப்பிக் காட்டி, ஒப்புதல் வாங்கி, கோட் எழுதி முடித்து, கடைசி வாரத்தில்தான் தமிழை உள்ளே விடுகிறார்கள். அளவெடுக்காமல் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கும் நாள் அது. சட்டை பிடித்தால் உடம்பைக் குறைக்கச் சொல்லும் தையற்காரர் எங்கும் இல்லை. பக்க வடிவமைப்பில் அப்படிச் சொல்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். என்ற மொழியை 1994 அக்டோபரில் முன்மொழிந்தவர், அப்போது செர்ன் ஆய்வகத்தில் இருந்த நார்வேக்காரர் ஹோகன் வியும் லீ. பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்தார். 1996 டிசம்பரில் முதல் பதிப்பு அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளிவந்தது. லீயின் முதல் வரைவில் என்னை மிகவும் கவர்ந்த ஓர் அம்சம் உண்டு. தலைப்பின் அளவில் எழுதியவரின் விருப்பத்துக்கு இத்தனை விழுக்காடு, படிப்பவரின் விருப்பத்துக்கு இத்தனை விழுக்காடு என்று செல்வாக்கைப் பங்கு பிரிக்க அதில் வழி இருந்தது. அந்த விழுக்காட்டுக் கணக்கு பிறகு கைவிடப்பட்டது. அதன் பின்னிருந்த எண்ணம் கைவிடப்படவில்லை. பக்கம் எந்த அகலத்தில் திறக்கும், எந்த எழுத்துருவில் திறக்கும், படிப்பவர் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கி வைத்திருப்பார் என்பதெல்லாம் எழுதுபவருக்குத் தெரியாது. தெரியாமலேயே எழுத வேண்டும். ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சப் 2000இல் இதையே தாவோ தத்துவத்தின் துணையோடு ஒரு கட்டுரையாக எழுதினார்: அச்சுப்பக்கத்தின் பிடியை வலைப்பக்கத்தில் தேடாதீர்கள், நெகிழ்வுதான் இந்த ஊடகத்தின் இயல்பு என்பது அதன் சாரம். ஈத்தன் மார்காட் 2010இல் திரைக்கேற்ப மாறும் வடிவமைப்புக்குப் பெயர் கொடுத்து வழிமுறையும் சொன்னபோது, உலகம் கைப்பேசிக்கு மாறிக்கொண்டிருந்தது, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அகலம் மாறும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். மொழி மாறும் என்பதை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை.

சி.எஸ்.எஸ். மொழிக்கு இன்னொரு குணம் உண்டு. அது குறை சொல்லாது. பல நிரல்மொழிகளில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் வேலை நின்று, எந்த வரியில் பிழை என்று செய்தி வரும். சி.எஸ்.எஸ்.ஸில் தெரியாத கட்டளை வந்தால் உலாவி அதை மட்டும் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். நாளை வரப்போகும் கட்டளை இன்றைய உலாவியை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. 1990களில் எழுதிய பக்கங்கள் இன்றும் திறப்பதற்கு அந்தப் பெருந்தன்மையும் ஒரு காரணம். ஆனால் அதனால், பிழை எப்போதும் தோற்றமாகத்தான் வந்து நிற்கும். எங்கே, எதனால் என்பதைப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோற்றம் கெட்ட இடமும் பிழை இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

கைப்பேசியில் பக்கம் பக்கவாட்டில் ஆடும் கோளாறு அதற்கு நல்ல உதாரணம். விரலால் மேலே தள்ளும்போது பக்கம் இடதுபுறம் கொஞ்சம் நழுவும். வலது ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். மேலே மெனுவைத் திறக்கும் மூன்று கோடுகள் பாதி திரைக்கு வெளியே போயிருக்கும். பார்ப்பவர் தலைப்பட்டியில் கோளாறு என்பார். தலைப்பட்டி எந்தத் தவறும் செய்திருக்காது. பக்கத்தில் வேறெங்கோ ஒரு துண்டு திரையைவிட அகலமாகிவிட்டது. அதற்கேற்பப் பக்கமும் விரிந்துவிட்டது, அவ்வளவுதான். தேட ஒரு வழி உண்டு. எல்லாத் துண்டுகளுக்கும் சிவப்பில் வெளிக்கோடு போடு என்று ஒரே ஒரு வரி எழுதுவது. 'பார்டர்' போடக் கூடாது, அது தானே இடம் பிடித்துக்கொண்டு அமைப்பை மாற்றிவிடும். 'அவுட்லைன்' இடம் பிடிக்காது. பக்கம் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள் தோன்றும். உருட்டிக்கொண்டே போனால் ஒரே ஒரு கட்டம் மட்டும் எல்லை தாண்டி நீண்டிருப்பது கண்ணில் படும். அப்படியும் அகப்படாவிட்டால் பக்கத்தில் பாதியை அழித்துப் பார்ப்பது. ஆட்டம் நின்றால் குற்றவாளி அழித்த பாதியில், நிற்காவிட்டால் மிச்சத்தில். மீண்டும் பாதி. ஆயிரம் துண்டுகள் உள்ள பக்கத்திலும் பத்துத் தடவைக்குள் பிடித்துவிடலாம்.

இன்று உலாவிக்குள்ளேயே ஆய்வுக் கருவி இருக்கிறது. 2006 ஜனவரியில் ஜோ ஹெவிட் ஃபயர்ஃபாக்ஸுக்காக 'ஃபயர்பக்' வெளியிடும் முன்பு இந்த வேலை இருட்டில் துழாவுவதாக இருந்தது. எந்தத் துண்டையும் சுட்டினால் அதன் உள்ளிடைவெளி, விளிம்பு, வெளியிடைவெளி எல்லாம் அடுக்கடுக்காகப் படமாகத் தெரியும் என்பது அன்று பெரிய விடுதலை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் பெட்டிக் கணக்கையே கற்றுக்கொண்டார்கள். அகலம் 300 என்று கொடுத்தால் உள்ளிடைவெளியும் விளிம்பும் அந்த 300க்குள் அடக்கமா, அதற்கு மேல் கூட்டலா என்பதில் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு பக்கமும் அதிகாரபூர்வத் தரம் மறுபக்கமும் நின்ற காலம் உண்டு. தரம் கூட்டல் என்றது. எக்ஸ்ப்ளோரர் அடக்கம் என்றது. தரம் வென்றது. ஆனால் இன்று அநேகமாக எல்லோரும் தங்கள் கோப்பின் முதல் வரியிலேயே 'பார்டர்-பாக்ஸ்' என்று எழுதி அடக்கக் கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள். பெட்டி என்பது வெளியிலிருந்து அளக்கப்படும் பொருள் என்ற மனித வழக்கம் கடைசியில் நிலைத்தது.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு வருகிறேன். ஒரு செய்தித் தொகுப்புப் பக்கத்தில் சிவப்புக் கட்டங்களைப் பின்தொடர்ந்து போனபோது நீண்டிருந்த கட்டத்துக்குள் இருந்த சொல் இது: 'நடைமுறைப்படுத்தப்பட்டுள்ளதாகவும்'. 19 எழுத்துகள். 360 பிக்சல் அகலமுள்ள கைப்பேசியில் இரண்டு பெட்டிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 170 சொச்சம் கிடைக்கும். வாசிக்கத்தக்க அளவில் எழுதினால் இந்த ஒரு சொல்லே அதைத் தாண்டிவிடும். அந்தப் பெட்டிகள் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் முறையில் அடுக்கப்பட்டிருந்தன. ஃப்ளெக்ஸ்பாக்ஸ் பெட்டிகள் இடத்துக்கேற்பச் சுருங்கும், விரியும். ஆனால் தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லைவிடக் குறுகலாகச் சுருங்க மறுக்கும். அதன் குறைந்தபட்ச அகலம் இயல்பாகவே அப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. சொல் வெளியே வழியக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. ஆங்கிலத்தில் மிக நீண்ட சொல் என்று வருவது பெரும்பாலும் பெட்டியின் அகலத்தைத் தொடாது; ஆகவே விதி இருப்பதே தெரியாமல் ஆண்டுகள் ஓடும். தமிழ் தன் விகுதிகளையும் துணைவினைகளையும் சொல்லோடு சேர்த்தே எழுதும் மொழி. விதி முதல் நாளே வெளியே வந்துவிடுகிறது. ஜெர்மன், ஃபின்னிஷ் மொழிகளில் வேலை செய்பவர்களுக்கும் இதே அனுபவம்தான்.

எனக்கு முன்பு அந்தப் பக்கத்தைத் தொட்டவர், மொத்தப் பக்கத்தையும் சுற்றியிருக்கும் உறைக்கு, பக்கவாட்டில் வழிவதை மறை என்று எழுதியிருந்தார். ஆட்டம் நின்றிருந்தது, சில உலாவிகளில். சொல்லின் கடைசியிலிருந்த 'வும்' திரைக்கு வெளியே மறைந்திருந்தது. உருட்டும்போது மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய தலைப்பட்டியும் ஒட்டாமல் போயிருந்தது. ஒட்டி நிற்கும் துண்டு தனக்கு மேலுள்ள உறைகளில் எது வழிவதை மறைக்கிறதோ அதையே தன் உலகமாக எடுத்துக்கொள்ளும். ஒரு பிழையைப் போர்த்தியதில் இரண்டு பிழைகள் முளைத்துவிட்டன. சரியான வழி, குறைந்தபட்ச அகலத்தைப் பூஜ்யமாக்குவது, கூடவே நீண்ட சொல்லை மடிக்க அனுமதிப்பது. மடிக்க அனுமதிக்கும் கட்டளையில் 'பிரேக்-வேர்ட்', 'எனிவேர்' என்று இரண்டு மதிப்புகள் இருக்கின்றன. பார்வைக்கு ஒரே வேலைதான். 'எனிவேர்' மட்டும் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போதும் சொல்லை மடித்துக் கணக்கிடும். ஆவணத்தில் ஒரு வரியாக இருக்கும் இந்த வேறுபாட்டில்தான் தமிழ்ப் பக்கம் நேராக நிற்பதும் ஆடுவதும் இருக்கிறது.

சொல்லை எங்கே மடிப்பது என்பது தனிக் கேள்வி. ஆங்கிலத்தில் இணைப்புக்கோடு இல்லாமல் சொல்லை உடைத்தால் பிழை. தமிழ் நாளிதழின் ஒடுங்கிய பத்திகளில் கோடு எதுவும் இல்லாமல் சொல் அடுத்த வரிக்குப் போவது அன்றாடம். வாசகர் தடுக்கி விழுவதில்லை. அந்த வகையில் திரை நமக்கு ஆங்கிலத்தைவிட வசதியானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் நம் அச்சகங்களில் மெய்ப்புப் பார்த்தவர்கள் ஒரு நெறி வைத்திருந்தார்கள்: ஒற்று வரியின் தலையில் வரக் கூடாது. 'நடைமுறை' என்று ஒரு வரி முடிந்து, 'ப்படுத்த' என்று அடுத்த வரி தொடங்கினால் கண்ணுக்கு உறுத்தும், நாக்குக்கும் உறுத்தும். ஒற்று முந்தைய எழுத்தோடு சேர்ந்து ஒலிப்பது. ஒற்றை எழுத்தைத் தனியே அடுத்த வரிக்குத் தள்ளுவதையும் தவிர்ப்பார்கள். உலாவிக்கு இந்த நெறி தெரியாது. 'கொ' என்ற எழுத்தைப் பிளக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். இடம் தீர்ந்த இடத்தில் மடிக்கும்.

இதற்கு அருகில் வருவது, மொழிவாரியான சொற்பிரிப்பு விதிகளைக் கொண்டு மடிக்கும் முறை. இந்திய மொழிகளுக்கான அந்த விதிக்கோப்புகளை, தமிழுக்கும் சேர்த்து, எழுதித் தந்தவர் மலையாளக் கணினியாளர் சந்தோஷ் தோட்டிங்கல். டெக் அச்சுக்கோப்பு முறையில் அவை இடம்பெற்றிருக்கின்றன. பக்கத்தின் மொழி தமிழ் என்று தலையில் அறிவித்து, தானாகச் சொற்பிரி என்று சொல்லி, இணைப்புக்கோட்டின் இடத்தில் வெறுமையை வைத்தால் நாளிதழ்ப் பழக்கத்துக்கு நெருங்கிய தோற்றம் கிடைக்கும், தமிழுக்கான விதி அந்த உலாவியில் இருந்தால். மொழியை அறிவிப்பது என்பதே பல தமிழ்ப் பக்கங்களில் நடப்பதில்லை. வாங்கிய வார்ப்புருவில் 'ஆங்கிலம்' என்று இருக்கும், அப்படியே விட்டிருப்பார்கள். கண் தெரிந்தவர்களுக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு, தமிழை எந்தக் குரலில் படிப்பது என்று கருவிக்குச் சொல்வது அந்த ஒரு சொல்தான்.

இப்போது, உடம்பைக் குறைக்கச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். பெட்டியைத் திருத்த நேரமில்லாதபோது தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆசிரியர் பிரிவுக்கு ஒரு கோரிக்கை போகும். "சார், இந்த வார்த்தையக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா? டிசைன் உடையுது." ஆசிரியர் 'அமலுக்கு வந்ததாகவும்' என்று மாற்றித் தருவார். நல்ல மாற்றம், அரசு அறிக்கையின் சுமையை இறக்கிவைத்த தமிழ் அது. ஆனால் அந்த முடிவை ஆசிரியரின் காது எடுத்திருக்க வேண்டும். 170 பிக்சல் எடுக்கக் கூடாது. ஒருமுறை நடந்தால் பரவாயில்லை. இது வழக்கமாகும்போது, பெட்டியில் அடங்கும் சொல் நல்ல சொல், அடங்காதது ஆகாத சொல் என்று எழுதுபவர்கள் கை தானே பழகிவிடுகிறது. யாரும் ஆணையிடாமலே ஒரு நடை உருவாகிறது. சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறியைச் செருகி மடிய வைப்பவர்களும் உண்டு. திரையில் அழகாக மடியும். அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு அது அகப்படாது. நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அங்கேயும் உடைந்தே கிடக்கும்.

பொத்தான்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்களுக்காக வெட்டிய பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. 'சமர்ப்பி' அடங்கும். 'நீக்கு', 'சேமி', 'திற', 'அனுப்பு' என்று நம் செயலிகளெல்லாம் வாசகரை ஏவலில் விரட்டுவதற்குப் பெட்டியின் குறுக்கமும் ஒரு காரணம். மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொற்பட்டியலோடு எழுத்தெண்ணிக்கை வரம்பும் வரும். அந்த வரம்பு ஆங்கிலச் சொல்லின் நீளத்தை வைத்துப் போட்டது. என் பாட்டி வயதில் ஒருவர் ஓய்வூதியப் படிவத்தைத் திரையில் நிரப்பும்போது அவரைப் பார்த்து 'உள்நுழை' என்று ஒரு பெட்டி சொல்வதை என்னால் இயல்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 'உள்நுழைக', 'அனுப்புக' என்று வியங்கோளில் எழுதினால் ஓரெழுத்துதான் கூடுதல், மரியாதையும் இருக்கும். ஆனாலும் அதைப் பெட்டிக்காகச் செய்ய வேண்டியதில்லை. பொத்தானின் அகலத்தை எண்ணாகக் கொடுக்காமல் உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விட்டுவிட்டால் 'சமர்ப்பிக்கவும்' என்பதற்கும் இடம் உண்டு.

படிவங்களில் பெயருக்கான கட்டமும் இப்படித்தான். 'கிருஷ்ணமூர்த்தி' கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினி எண்ணுவது 15. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் அது தனித்தனியே எண்ணும். பன்னிரண்டுக்கு மேல் ஏற்காத கட்டத்தில் தட்டினால் கடைசி எழுத்துகள் விழாது. தன் பெயர் ஏன் முழுதாக ஏறவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது மூன்று புள்ளிகள். தலைப்பு நீண்டால் இரண்டாம் வரியின் இறுதியில் வெட்டி மூன்று புள்ளி வைக்கும் வழக்கம். ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். வெட்டினால் போவது இடம், காலம் போன்ற விவரங்கள். தமிழில் வினை கடைசியில் நிற்கும். மறுப்பும் அங்கேதான் நிற்கும். 'வரி உயர்வைத் திரும்பப் பெற அரசு...' என்று முடிந்த தலைப்பில் அரசு முடிவெடுத்ததா, மறுத்ததா, யோசிக்கிறதா? மூன்றில் எதுவும் இருக்கலாம். 'தேர்வு ஒத்திவைக்கப்பட...' என்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் பள்ளிப் பிள்ளைகள் அதையே பகிர்ந்துகொண்டால் அவர்கள் மேல் தவறில்லை. ஒத்திவைக்கப்படாது என்பது வெட்டப்பட்ட பகுதியில் இருந்தது. இதைத் திருத்த ஒரு கட்டளையை நீக்கினால் போதும்: தலைப்பு எத்தனை வரி வேண்டுமானாலும் போகட்டும் என்று விடுவது. கட்டங்களின் உயரம் ஒன்றுபோல் இருக்காது, அழகு குறையும் என்பார்கள். குறையட்டும். செய்தியை எதிர்ப்பொருளாக்கும் அழகு பத்திரிகைக்கு எதற்கு?

தமிழ் திரைக்கு வந்த வழியை நினைத்தால் இந்தப் பிழைகளெல்லாம் வளர்ந்த வீட்டின் பிழைகள் என்பதையும் சொல்ல வேண்டும். 1990களின் இறுதியிலும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவாவிட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கிலக் கிறுக்கல். பாமினி, தாம், தாப், திஸ்கி என்று குறியேற்றங்கள். ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தும் அதைச் சரியாக வரையும் இயங்குதளமும் எழுத்துருவும் பரவலாக ஆண்டுகள் ஆயின. தொடக்ககாலக் கைப்பேசிகளில் தமிழ் வெற்றுக் கட்டங்களாகத் தெரிந்தது. அப்போது ஆப்பரா மினி உலாவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாக அனுப்பு என்ற ஒரு தெரிவை 'ஆம்' என்று மாற்றினால் எழுத்துகள் படங்களாக வந்து இறங்கும். எத்தனையோ பேர் கைப்பேசியில் முதன்முதலில் தமிழ் படித்தது அந்தப் படங்களில்தான்.

அந்தக் காலத்தின் மிச்சமாக இன்றும் எட்டிப்பார்க்கும் பிழை ஒன்று உண்டு. பக்கம் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம், தலைமேல் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', பிறகு ஏதோ ஒரு குறி, மறுபடி அதே 'ஏ', அதே வட்டம். யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு ஐந்து குறிகள், 15 பைட்டுகள். நம் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. உலாவி இதை ஐரோப்பியக் குறியேற்றம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் முதல் பைட்டு அந்த 'ஏ' ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் அந்த வட்டமாகவும் தெரியும். ஆகவே அந்தச் சித்திரத்தைப் பார்த்தவுடன் கீழே இருப்பது தமிழ்தான், எழுத்து அழியவில்லை, அறிவிப்புதான் தவறு என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். குறியேற்ற அறிவிப்பு பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு எதையெதையோ அடுக்கி அதைக் கீழே தள்ளிவிட்டிருப்பார்கள். மேலே ஏற்றினால் தமிழ் அப்படியே எழுந்து வரும்.

எழுத்துருவில் நிகழும் கெடுதல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டு விட்டால் தமிழுக்கு ஒவ்வொரு கருவியும் தன்னிடம் இருப்பதை எடுக்கும். பழைய விண்டோஸில் லதா, புதியதில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. அகலமும் உயரமும் வேறுவேறு. ஒரு கருவியில் நேராக நின்ற பக்கம் இன்னொன்றில் நிற்காது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிக்கச் சொன்னால் உலாவி கோடுகளைப் பூசித் தடிப்பாக்கும்; 'ணை', 'ஞ' போன்றவற்றின் உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும். படிப்பவர் எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் மறையக் கூடாது என்பது அணுக்க நெறிகளில் உள்ள விதி. உயரத்தை எண்ணாகக் கொடுத்த பெட்டி அந்தச் சோதனையில் தோற்கும். கைப்பேசி எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிப்பவர்கள் நம் வீட்டு முதியவர்கள்.

எழுத்து எழுத்தாகத் தட்டி எழுதுவதுபோல் தலைப்பைக் காட்டும் அலங்காரம் ஒன்று உண்டு. கணினிக் குறிகளை எழுத்தென்று எண்ணி வெட்டினால், ஒவ்வொரு குறியையும் தனி உறையில் போட்டால், 'மி' என்பதன் கொக்கி தன் எழுத்தைப் பிரிந்து, புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் தொற்றிக்கொண்டு நிற்கும். சில உலாவிகள் சேர்த்து வரைந்துவிடும், சில வரையாது. எழுத்தை எழுத்தாகப் பிரித்துத் தரும் கருவி உலாவிகளிலேயே இப்போது இருக்கிறது. குரோமில் 2020 முதல், ஃபயர்ஃபாக்ஸிலும் 2024இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 'ஸ்ரீ' மிச்சமிருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு நான்கு குறிகள், பிரிப்புக் கருவிக்கு இரண்டு எழுத்துகள். பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் பக்கங்களில் பத்தி 'ஸ்ரீ' என்று தொடங்கினால் தனியே பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் திரையில் இன்னும் எவை கிடைக்கவில்லை என்று தொகுக்கும் ஆவணங்கள் இருக்கின்றன. தமிழுக்கும் ஒன்று இருக்கிறது; திறந்த ஆவணம், யாரும் குறை எழுதலாம். ஒற்று வரித்தலையில் வரக் கூடாது என்பது போன்ற நெறிகளை உலாவி செய்பவர்கள் தாமாக அறிய வழியில்லை. அவர்கள் கேட்பது அச்சுச் சான்று: எந்த இதழில், எந்தப் பக்கத்தில், வரி எப்படி மடிந்தது என்று காட்டும் படம். ஈயம் கோத்த காலத்துச் சிற்றிதழ்களை அடுக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்கிறார்கள். மெய்ப்புப் பார்த்த கைகளும் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஓர் இதழின் நான்கு பக்கங்களை ஒளிநகல் எடுத்து, ஒற்றைக் காப்பதற்காகச் சொல்லிடைவெளியைக் கூட்டிக் குறைத்த வரிகளைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். அதை ஆங்கிலமாக்கி அங்கே சேர்ப்பிக்க என்னைப்போல் இந்த வேலையில் இருப்பவர்களால் முடியும்.